தறி நின்றால் வரும் பயம்: காணொளி வழியே மனக்காயச் சிகிச்சை – ஒரு நிகழ்வு ஆய்வு

இந்த ஆய்வில் வரும் பெண் ஒரே ஆள் அல்ல. கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் காணொளியில் சிகிச்சை எடுத்துக்கொள்கிறவர்களிடம் திரும்பத் திரும்பப் பார்க்கிற சிக்கல்களை ஒருவர் மேல் ஏற்றி எழுதியிருக்கிறேன். ஊர், வயது, விபத்து, மதிப்பெண்கள் எல்லாம் அப்படிக் கோத்தவைதான். சிகிச்சை முறையும் ஆராய்ச்சிச் செய்திகளும் மட்டும் உள்ளது உள்ளபடி. அவரை இங்கே அம்மணி என்று குறிப்பிடுகிறேன். எங்கள் பக்கம் பாதி வீடுகளில் யாராவது ஒருவருக்கு அதுதான் கூப்பிடும் பெயர்.

அம்மணிக்கு நாற்பதை ஒட்டிய வயது. பல்லடத்துக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். வீட்டை ஒட்டியே விசைத்தறிக் கொட்டகை, கூலிக்குக் காடாத் துணி நெய்கிறார்கள். கணவர் தறியைப் பார்த்துக்கொள்வார். தார் என்கிற ஊடை நூல் சுற்றுவது, பீஸ் கணக்கு எழுதுவது, ஆட்களுக்குக் கூலி கொடுப்பது எல்லாம் அம்மணி. மகன் பிளஸ் டூ. மாமியாரும் கூடவே இருக்கிறார்.

ஒட்டன்சத்திரத்தில் ஒரு சொந்தக்காரர் கல்யாணம். இரவு விருந்து முடிந்து, தாராபுரம் வழியாகக் காரில் திரும்புகிறார்கள். ஓட்டியது அம்மணியின் தம்பி, முன் சீட்டில் அம்மணி. தாராபுரம் தாண்டி சாலையோரம் விளக்கு எதுவும் போடாமல் நின்றிருந்த லாரியின் பின்னால் கார் மோதியது. தம்பி அங்கேயே இறந்துவிட்டார். அம்மணிக்குத் தோள்பட்டை எலும்பு முறிவு, முகத்தில் தையல். பின்சீட்டில் தூங்கிக்கொண்டிருந்த மகனுக்குச் சிராய்ப்பு மட்டும். தறிக்கு ஆள் வரவில்லை என்று கணவர் கல்யாணத்துக்கே போகவில்லை.

"ராத்திரியே கிளம்பிடலாம், பையனுக்குக் காலையில பரீட்சை" என்று சொன்னது அம்மணி. இந்த ஒரு வரியைச் சுற்றித்தான் அடுத்த ஒன்றரை வருடம்.

மருத்துவரிடம் வந்த வழி

எலும்பு கூடிவிட்டது. தூக்கம் திரும்பவில்லை. வந்தால் கனவு, கனவில் லாரியின் பின்பக்கம். பகலில் திடீர் திடீரென்று நெஞ்சு அடித்துக்கொள்ளும், கை சில்லிடும், மூச்சு முட்டும். இதயக் கோளாறோ என்று ஈசிஜி, எக்கோ, தைராய்டு எல்லாம் பார்த்தார்கள். எல்லாம் சரியாக இருந்தது. பயந்த கோளாறு என்று மாமியார் கூட்டிப்போய் மந்திரித்துக் கயிறு கட்டிவிட்டார். ஒரு மருத்துவர் தூக்க மாத்திரை எழுதிக்கொடுத்தார். அதை மாதக்கணக்கில் மருந்துக் கடையிலேயே வாங்கிப் போட்டுக்கொண்டிருந்தார். அது பென்சோடயாசெபின் வகை. முதல் சில நாள் தூங்க வைக்கும், அப்புறம் அது இல்லாமல் தூங்க முடியாமல் ஆக்கும். மனக்காயக் கோளாறுக்கு இந்த வகை மாத்திரை வேண்டாம் என்றே அமெரிக்க முன்னாள் படைவீரர் துறையும் பாதுகாப்புத் துறையும் 2023-ல் வெளியிட்ட வழிகாட்டுதல் சொல்கிறது.

நர்சிங் படிக்கிற நாத்தனார் மகள்தான் 14416-க்குப் போன் போட்டுக் கொடுத்தவள். டெலி மானஸ் என்கிற இந்த இலவசச் சேவை 2022 அக்டோபர் 10 அன்று தொடங்கியது. எந்த நேரமும் கூப்பிடலாம், தமிழிலேயே பேசலாம். போனை எடுத்தவர் நேரில் ஒரு மனநல மருத்துவரைப் பார்க்கச் சொன்னார். அங்கேதான் முட்டுக்கட்டை. திருப்பூரோ கோவையோ போக பஸ் ஏற வேண்டும். அம்மணி பஸ் ஏற மாட்டார், காரில் உட்கார மாட்டார். வண்டியைக் கண்டால் பயப்படுகிற நோய்க்கு வண்டி ஏறி வந்துதான் வைத்தியம் என்றால் எப்படி?

காணொளிச் சிகிச்சையைப் பற்றிப் பேசும்போது நேரம் மிச்சம், அலைச்சல் மிச்சம், பஸ் காசு மிச்சம் என்று கணக்குச் சொல்கிறோம். இவர் போன்றவர்களுக்கு அந்தக் கணக்கே பொருந்தாது. இவர்களுக்கு அது மட்டுமே திறந்திருக்கிற கதவு. மனநல மருத்துவர் ஒருவர் காணொளியில் பார்த்தார். 2020 மார்ச் 25 அன்று வந்த தொலைமருத்துவ வழிகாட்டுதல் அதற்கு இடம் கொடுக்கிறது. அவர் செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மருந்தைத் தொடங்கினார். தூக்க மாத்திரையை ஒரே நாளில் நிறுத்தினால் ஆபத்து என்பதால் வாரக்கணக்கில் கொஞ்சம் கொஞ்சமாகக் குறைத்தார். பேச்சு வழிச் சிகிச்சை என்னிடம் வந்தது.

முதலில் ஒரு அறை

மனக்காயத்தைப் பற்றிப் பேச ஒரு தனி அறை வேண்டும். அம்மணி வீட்டில் அறைகளுக்குக் குறைவில்லை, தனிமைக்குத்தான் குறை. ஹாலில் மாமியார், படுக்கையறைக்குக் கதவு உண்டு, தாழ்ப்பாள் போட்டால் "என்னாச்சு?" என்று தட்டுவார்கள். போனும் குடும்பத்துக்கே பொது. மகன் கேம் ஆடுவதும் அதில்தான்.

கடைசியில் அம்மணியே இடம் கண்டுபிடித்தார். தறிக் கொட்டகையை ஒட்டி, நெய்த துணியை அடுக்கி வைக்கிற சின்ன குடோன். மூன்று பக்கமும் ஆளுயரத்துக்குக் காடாத் துணி பீஸ்கள். பேசினால் சத்தத்தைத் துணி வாங்கிக்கொள்ளும். சுவருக்கு அந்தப் பக்கம் தறிகள் சடசடவென்று ஓடிக்கொண்டிருக்கும்; வெளியே நிற்கிறவர் காதில் ஒரு சொல்லும் விழாது. காதில் மாட்டுகிற ஒயர் மைக்கை வாய்க்குப் பக்கத்தில் வைத்துக்கொண்டால் எனக்கு நன்றாகவே கேட்டது. சிகிச்சை அறை அமைதியாக இருக்க வேண்டும் என்று பாடத்தில் படித்த எனக்கு, இரைச்சலே திரைச்சீலையாக நின்றது புதிதாக இருந்தது.

முதல் சந்திப்பில் விபத்தைப் பற்றி ஒரு வார்த்தையும் பேசவில்லை. ஏற்பாடுகள் மட்டும். சிக்னல் போனால் யார் யாரைக் கூப்பிடுவது? நான்தான் கூப்பிடுவேன், இரண்டு முறை எடுக்காவிட்டால் கணவருக்குப் போன் வரும். அவர் உட்கார்ந்திருக்கும் இடத்தின் முகவரி, பக்கத்து ஆஸ்பத்திரி, 108 வந்தால் வழிகாட்ட யார் இருப்பார்கள் என்பதையெல்லாம் எழுதி வைத்துக்கொண்டேன். போனைத் துணிக்கட்டின் மேல் சாய்த்து, முகம் மட்டுமல்லாமல் தோளும் இரண்டு கையும் தெரிகிற மாதிரி வைக்கச் சொன்னேன். நேரில் என்றால் ஒருவர் காலை ஆட்டுவதும், விரலைப் பிசைவதும், மூச்சு மேலேறுவதும் தானாகக் கண்ணில் படும். திரையில் கழுத்துக்குக் கீழே என்ன நடக்கிறதென்று கேமராவை வைக்கிற விதம்தான் முடிவு செய்கிறது.

யாராவது திடீரென்று உள்ளே வந்தால்? அதற்கு ஒரு வாசகம் வைத்துக்கொண்டோம். "கொள்ளு ஊற வெக்கோணும்" என்றார் என்றால், ஆள் வந்துவிட்டார், பேச்சை மாற்று என்று அர்த்தம். மாமியார் வந்தபோதெல்லாம் நாங்கள் கொள்ளுப் பருப்பு பற்றித்தான் பேசியிருக்கிறோம். ஒரு நாள் மாமியாரே எட்டிப் பார்த்து, "ஏனுங்க டாக்டரம்மா, எந்நேரமும் கொள்ளேதானா? எதுக்குங்க அத்தனை கொள்ளு?" என்று கேட்டார். அந்த வாரம் அம்மணி முதல்முறையாகச் சிரித்தார்.

மதிப்பீடு

மனக்காயத்துக்குப் பிறகான மனஅழுத்தக் கோளாறு, அதாவது பிடிஎஸ்டி, 1980-லிருந்து தனி நோயாகப் பதிவாகியிருக்கிறது. நடந்தது மீண்டும் மீண்டும் கண் முன்னால் வருவது, அதை நினைவூட்டுகிற எல்லாவற்றையும் தவிர்ப்பது, தன்னையும் உலகத்தையும் பற்றிய எண்ணம் இருண்டுபோவது, உடம்பு எப்போதும் விழிப்பிலேயே இருப்பது – இந்த நான்கும் ஒரு மாதத்துக்கு மேல் நீடித்து அன்றாட வாழ்க்கையைக் கெடுத்தால் அந்தப் பெயர். பிசிஎல்-5 என்கிற கேள்வித்தாளில் 20 கேள்விகள், மொத்தம் 80 மதிப்பெண். 31 முதல் 33-ஐத் தாண்டினால் முழுதாக ஆராய வேண்டும். ஒவ்வொரு கேள்வியையும் வாசித்துக்காட்டி, அவர் சொன்னதைக் குறித்தபோது 54 வந்தது. பதற்றத்துக்கான ஜிஏடி-7 தாளில் 21-க்கு 16; 15-ஐத் தொட்டாலே கடுமையான பதற்றம்.

இவ்வளவு மதிப்பெண்ணுக்கு நடுவிலும் நான் அதிக நேரம் நின்றது ஒரே ஒரு கேள்வியில். சாக வேண்டும் என்று தோன்றுகிறதா? அம்மணி நேராகச் சொன்னார்: "சாகோணும்னு இல்லீங்க மேடம். தம்பிக்குப் பதிலா நான் போயிருக்கலாமுங்க." திட்டமோ முயற்சியோ இல்லை. இருந்தாலும் மீதமிருந்த மாத்திரைகளைக் கணவரிடம் கொடுத்து வைக்கச் சொன்னேன். அம்மணிக்கும் காரணத்தைச் சொல்லிவிட்டுத்தான், ஒளித்து அல்ல. வாராவாரம் அதே கேள்வியை மறுபடி கேட்டேன். கேட்டால் அந்த எண்ணத்தைக் கிளப்பிவிடுமோ என்ற பயம் படித்தவர்களிடமும் இருக்கிறது. அது தவறு. கேட்டால் பாரம் கொஞ்சம் இறங்கத்தான் செய்யும்.

எந்தச் சிகிச்சை, ஏன்

மனக்காயத்துக்கு நல்ல ஆதாரமுள்ள பேச்சுச் சிகிச்சைகள் இன்று பல. எட்னா ஃபோவாவின் நீடித்த எதிர்கொள்ளல் முறை, பாட்ரீசியா ரெசிக்கின் எண்ணச் சீராக்க முறை, ஃபிரான்சின் ஷாப்பிரோ 1987-ல் தொடங்கிய, கண்ணசைவைப் பயன்படுத்துகிற இஎம்டிஆர் எல்லாமே காணொளியில் நடக்கின்றன. இஎம்டிஆரில் சிகிச்சையாளரின் விரலைப் பார்ப்பதற்குப் பதிலாக, கைகளை மார்பில் குறுக்காக வைத்துத் தானே மாற்றி மாற்றித் தட்டிக்கொள்ளலாம். அம்மணிக்கு நான் எடுத்தது ஆன்கே ஏலர்ஸ் என்பவரும் டேவிட் கிளார்க்கும் 2000-ல் வகுத்த அறிவுசார் சிகிச்சை. காரணம் எளிது: அவருடைய நோயின் கழுத்தை நெரித்துக்கொண்டிருந்தது ஒரு தப்பான அர்த்தம். நடந்த நிகழ்வைவிட, அதற்கு அவர் கொடுத்திருந்த பொருள்.

இந்த முறைக்கு ஒரு பின்கதை உண்டு. 1998 ஆகஸ்ட் 15 அன்று வட அயர்லாந்தில் ஓமா என்ற ஊரில் குண்டு வெடித்து 29 பேர் இறந்தார்கள். அங்கே பாதிக்கப்பட்டவர்களுக்கு, பெரிய ஆராய்ச்சி நிலையம் எதுவும் இல்லாமல், உள்ளூர் ஊழியர்களே இதைப் பழகிச் செய்து பார்த்தார்கள். நல்ல பலன் கிடைத்தது. அதே 1998-ல் பிப்ரவரி 14 கோவையில் என்ன நடந்தது என்பதை இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. தொடர் குண்டுவெடிப்பில் 58 உயிர். அன்றைக்குத் தெருவில் நின்றிருந்தவர்களில் சிலருக்கு இன்றும் பட்டாசுச் சத்தம் ஆகாது.

காணொளியிலும் இணையத்திலும் இது நிற்குமா என்ற கேள்விக்கு இப்போது ஓரளவு தெளிவான பதில் இருக்கிறது. பிரிட்டனில் 196 பேரை வைத்து நடந்த ராபிட் ஆய்வு 2022-ல் பிஎம்ஜே மருத்துவ இதழில் வந்தது. லேசான, நடுத்தரமான பாதிப்பு உள்ளவர்களுக்கு, சிகிச்சையாளர் துணையோடு இணையத்தில் தானே செய்கிற முறை 16 வாரத்தில் நேரடிச் சிகிச்சைக்குக் குறையவில்லை. ஓராண்டுக்குப் பிறகும் முன்னேற்றம் நின்றது. ஆனால் இரண்டும் சமம் என்று அப்போது அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. 2023-ல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்த, 217 பேர் பங்கேற்ற இன்னொரு ஆய்வில், ஏலர்ஸ்–கிளார்க் முறையின் இணைய வடிவம் மனஅழுத்த மேலாண்மைப் பயிற்சியைவிடத் தெளிவாக முந்தியது. மூச்சுப் பயிற்சி, தளர்வுப் பயிற்சி மட்டும் போதும் என்று நம்புகிற செயலிகள் கவனிக்க வேண்டிய முடிவு இது.

தறி நின்ற நாள்

அம்மணிக்குப் பதற்றம் எப்போது வருகிறது? வீட்டில் எல்லோரும் ஒரே பதில் வைத்திருந்தார்கள்: தறிச் சத்தம். "அந்தச் சத்தத்துலதான் இவளுக்கு நெஞ்சு படபடக்குது" என்று மாமியார். கொட்டகைக்குள் போக வேண்டாம் என்று கணவர் சொல்லிவிட்டார். தார் சுற்றும் வேலையையும் வேறு ஆளுக்கு மாற்றியாயிற்று. அம்மணிக்கும் அதுதான் காரணமாக இருக்கும் என்று தோன்றியிருந்தது. மனுஷர் ஒன்று சொல்ல, உடம்பு வேறு சொல்வது அடிக்கடி நடப்பதுதான்.

மூன்றாவது வாரம் என்று நினைவு. மகன் படிப்பைப் பற்றிச் சாதாரணமாகப் பேசிக்கொண்டிருந்தார். சட்டென்று கரண்ட் போய்விட்டது. சுவருக்கு அப்பால் ஓடிய தறிகள் அத்தனையும் ஒரே நேரத்தில் நின்றன. போன் டேட்டாவில் ஓடியதால் அழைப்பு அறுந்துபோகவில்லை. இருட்டான குடோனில் போன் வெளிச்சத்தில் அவர் முகம் மட்டும் தெரிகிறது. அடுத்த நொடியில் அந்த முகம் வெளுத்தது. கண் நிலைகுத்தியது. இரண்டு கையும் எதிரே எதையோ பிடிக்கப் போவதுபோல் தூக்கி நின்றன. கூப்பிட்டால் பதில் இல்லை.

இதற்கென்று ஒரு பொருளை மடியில் வைத்திருக்கச் சொல்லியிருந்தேன். பழைய நாடா ஒன்று. விசைத்தறியில் குறுக்கே ஓடுமே, அந்த மர நாடா. கையில் கனக்கும், இரண்டு முனையிலும் இரும்புக் கூர். "நாடாவைக் கையில் எடுங்க. முனையைத் தொடுங்க. சில்லுனு இருக்கா? எந்தப் பக்கம் தேய்ஞ்சிருக்கு?" என்று அதையே திரும்பத் திரும்பக் கேட்டேன். கொஞ்ச நேரம் கழித்து, "இந்தப் பக்கமுங்க… இடது பக்கம்" என்றார். திரும்பி வந்துவிட்டார்.

அப்புறம் அவரே சொன்னார். மோதிய பிறகு கார் எஞ்சின் நின்றுவிட்டது. பாட்டு நின்றுவிட்டது. ஒரு சத்தமும் இல்லை. அந்த நிசப்தத்தில் "தம்பி, தம்பி" என்று கூப்பிட்டுக்கொண்டே இருந்தார். பதில் வரவில்லை. "சத்தம் இருந்தா பரவால்லீங்க மேடம். நின்னாத்தானுங்க எனக்கு உசுரு போகுது."

ஒன்றரை வருடமாகப் பயத்துக்குக் காரணம் என்று ஒதுக்கி வைத்திருந்த தறிச் சத்தம், உண்மையில் அவருக்குத் துணையாக இருந்திருக்கிறது. கோவையில் என் அறைக்கு அவர் வாராவாரம் வந்திருந்தாலும் இது வெளியே வந்திருக்காது. என் அறையில் தறி இல்லை, நிற்பதற்கு. காணொளிச் சிகிச்சையை நேர்ச் சிகிச்சையின் இரண்டாந்தர வடிவமாகப் பேசுகிறவர்களிடம் நான் இதைத்தான் சொல்வேன். பயம் எந்த வீட்டில் குடியிருக்கிறதோ அந்த வீட்டுக்குள்ளேயே நாம் உட்கார்ந்திருக்கிறோம். சில நேரங்களில் அது நேர்ச் சிகிச்சையையும் மிஞ்சும்.

அதன்பின் வேலை நேரானது. "அப்போது – இப்போது" என்று பிரிப்பது இந்த முறையின் முக்கியமான பயிற்சி. அன்றைய நிசப்தத்துக்கும் இன்றைய நிசப்தத்துக்கும் என்ன ஒற்றுமை, என்ன வேறுபாடு? அன்றைக்கு டீசல் வாடை, இன்றைக்குத் துணியின் கஞ்சி வாடை. அன்றைக்கு இருட்டில் ரோடு, இன்றைக்கு மாமியார் "கரண்ட் போச்சா?" என்று கத்துகிற சத்தம். மாதாந்திரப் பராமரிப்புக்காக மின்சாரம் நிறுத்தும் நாட்கள் பேப்பரில் வருமே, அந்த நாட்களைக் குறித்து வைத்துக்கொண்டோம். அவை போதாதபோது, சொன்ன நேரத்துக்குக் கணவர் மெயின் சுவிட்சை இறக்கினார். ஓடுகிற தறியை நடுவில் நிறுத்தினால் துணியில் கோடு விழும், பீஸ் கழியும். மனிதர் முணுமுணுத்துக்கொண்டே, ஒரு நாளும் தவறாமல் இறக்கினார்.

போஸ்ட்மார்ட்டம் ரிப்போர்ட்

சிகிச்சையின் நடுப்பகுதி கடினமானது. விபத்தை நிகழ்காலத்தில், கண்ணை மூடி, ஒவ்வொரு நொடியாகச் சொல்ல வேண்டும். சொல்லும்போது எந்த இடத்தில் பயம் உச்சத்துக்குப் போகிறதோ, அந்த இடத்தில் என்ன எண்ணம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று பார்க்க வேண்டும். அம்மணிக்கு உச்சம் இரண்டு. ஒன்று, தம்பி பதில் சொல்லாதபோது: "அவனுக்கு நான் கூப்பிடறது கேக்குது, வலியில பேச முடியல." இன்னொன்று ஆஸ்பத்திரியில் அம்மா சொன்ன வாக்கியம்: "நீ சொல்லித்தானே கிளம்புனான்."

முதலாவதற்கு மருந்து ஒரு காகிதத்தில் இருந்தது. இழப்பீட்டு வழக்குக்காக வக்கீலிடம் கொடுத்த எஃப்ஐஆர் நகலும் போஸ்ட்மார்ட்டம் அறிக்கையும் வீட்டு பீரோவிலேயே இருந்தன. பார்த்தால் தாங்க மாட்டாள் என்று கணவர் மறைத்து வைத்திருந்தார். நம் ஊரில் இது பாசத்தால் செய்வது, குறை சொல்ல முடியாது. ஆனால் மறைத்த உண்மை இருந்த இடத்தில் அதைவிடக் கொடிய கற்பனை குடியேறிவிட்டது. கணவரிடம் தனியாகப் பேசி, அம்மணியிடம் சம்மதம் கேட்டு, மனநல மருத்துவரும் அழைப்பில் சேர்ந்த ஒரு நாளில் அறிக்கையைப் பிரித்தோம். தலைக்காயம், மோதிய கணத்திலேயே நினைவு போயிருக்கும் என்று மருத்துவர் விளக்கினார். அம்மணி கேட்ட ஒரே கேள்வி: "அப்பொ நான் கூப்பிட்டது அவனுக்குக் கேக்கலீங்களா?" கேட்டிருக்காது என்றார் மருத்துவர். நிறைய நேரம் அழுதார். யாரும் குறுக்கே பேசவில்லை.

அடுத்த வாரங்களில் நினைவைச் சொல்லும்போது, அந்த இடம் வந்ததும் நிறுத்தி, புதிதாகத் தெரிந்ததை அங்கேயே சேர்த்துச் சொன்னார்: "கூப்பிடறேன். பதில் இல்ல. அவனுக்கு வலி இல்ல. முடிஞ்சுபோச்சு." கேட்க எளிதாக இருக்கிறது. ஆனால் பிறகு எப்போதோ ஆறுதலாகச் சொல்வதும், அந்தக் கணத்துக்குள்ளேயே அந்தச் செய்தியைக் கொண்டுபோய்ச் சேர்ப்பதும் வேறு வேறு. கனவு குறைந்தது இதற்குப் பிறகுதான்.

பழி விஷயம் அவ்வளவு சுலபமாக இல்லை. "உங்கள் மேல் தப்பில்லை" என்று ஒருமுறைகூட நான் சொல்லவில்லை. ஊரே சொல்லிவிட்டது, ஒரு பயனும் இல்லை. பீஸ் கணக்கு நோட்டில் ஒரு வட்டம் போடச் சொன்னேன். இந்த விபத்துக்குக் காரணமானவர்கள், காரணமானவை எல்லாவற்றையும் எழுதி ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு. அவருடைய பங்கு கடைசியில். விளக்கில்லாமல் லாரியை நிறுத்தியவர், இருட்டான ரோடு, கல்யாண வேலையில் இரண்டு இரவு தூங்காத தம்பி, காலையில் கடை திறக்க வேண்டும் என்று தம்பியும் கிளம்பத் துடித்தது (இதை அவர் அதுவரை நினைவுகூரவே இல்லை). எல்லாம் போட்ட பிறகு மிஞ்சிய துண்டு சின்னது. அதை முழுக்க அழிக்க அம்மணி சம்மதிக்கவில்லை. "இது என்னுதுதானுங்க, இருக்கட்டும்" என்றார். நானும் வற்புறுத்தவில்லை. பங்கே இல்லை என்று நம்ப வைப்பதல்ல வேலை. அளவு சரியாக இருந்தால் போதும்.

அம்மாவோடு பேசுவதை அவரேதான் முடிவு செய்தார். பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அம்மா மன்னிப்புக் கேட்கவில்லை. "நான் ஏதோ வெசனத்துல சொன்னது, அதை இன்னும் வெச்சுட்டு இருக்கியா?" என்று கேட்டுவிட்டு, சோறு சாப்பிட்டாயா என்று பேச்சை மாற்றிவிட்டாராம். நம் வீடுகளில் சமாதானம் பெரும்பாலும் இந்த வடிவத்தில்தான் வருகிறது. அம்மணிக்கு அது போதுமாக இருந்தது.

தாராபுரம் ரோட்டில் போன்

விபத்து நடந்த இடத்துக்குத் திரும்பிப் போய்ப் பார்ப்பது இந்தச் சிகிச்சையின் ஒரு பகுதி. நேரில் போக முடியாதபோது பிரிட்டனில் கூகுள் ஸ்ட்ரீட் வியூவைத் திரையில் பகிர்ந்து அந்தத் தெருவில் நடக்க வைக்கிறார்கள். நாங்கள் முதலில் மேப்பில் ரோட்டை மேலிருந்து பார்த்தோம். அப்புறம் நிஜக் கார். வாசலில் நிற்கிற காரில் எஞ்சின் போடாமல் உட்காருவது, எஞ்சின் போட்டு உட்காருவது, பெட்ரோல் பங்க் வரை, பல்லடம் பஸ் ஸ்டாண்டு வரை, பகலில் தாராபுரம் ரோட்டில் பாதி தூரம். போன் டேஷ்போர்டில், நான் போனில். ஓட்டுவது கணவர். அம்மணி பேசுவதற்கு முன்னால் வண்டியை ஓரமாக நிறுத்த வேண்டும், ஓடுகிற வண்டியில் உச்ச நினைவைத் தொடுவது கிடையாது – இந்த விதியை மீறியதில்லை.

கடைசியில் அந்த இடம். பகல் பதினோரு மணி. போனைத் திருப்பிக் காட்டினார்: வேலிக்காத்தான் முள், ஒரு புளியமரம், எதிரே புதிதாக முளைத்த ஒரு டீக்கடை. "நான் நினைச்சுட்டு இருந்த எடம் இன்னும் பெருசுங்க மேடம். இது என்னங்க, இத்துனூண்டு இருக்குது." லாரி நின்ற இடத்தில் ஒரு டிவிஎஸ் எக்ஸ்எல் நின்றிருந்தது. டயர் தடமோ, கண்ணாடிச் சில்லோ எதுவும் இல்லை. கணவரும் அவரும் அந்தக் கடையில் டீ குடித்துவிட்டு வந்தார்கள். அதற்குள் நான் அழைப்பைத் துண்டித்துவிட்டேன்.

பலனும் மிச்சமும்

மூன்று மாதத்துக்குக் கொஞ்சம் மேல், வாரம் ஒருமுறை; அப்புறம் மாதம் ஒருமுறை சில சந்திப்புகள். முறையின்படி ஒரு சந்திப்பு ஒன்றரை மணி நேரம் வரை போகலாம். தறி வேலைக்கு நடுவில் அம்மணிக்கு ஒரு மணி நேரமே கிடைத்தது, அதற்குள் சமாளித்தோம். முடிவில் பிசிஎல்-5 மதிப்பெண் 17-க்கும், ஜிஏடி-7 மதிப்பெண் 6-க்கும் இறங்கியிருந்தன. தூக்க மாத்திரை முழுதாக நின்றது. செர்ட்ராலினை மருத்துவர் இன்னும் சில மாதங்கள் தொடரச் சொல்லியிருக்கிறார். தார் சுற்றும் வேலையைத் திரும்ப எடுத்துக்கொண்டார். கையில் கட்டிய கயிறு அப்படியே இருக்கிறது; அதைக் கழற்றச் சொல்ல எனக்கு ஒரு காரணமும் தோன்றவில்லை.

எல்லோருக்கும் இந்த வழி ஒத்துவராது. வீட்டுக்குள்ளேயே அடிக்கிறவர் இருந்தால் காணொளி ஆபத்தாகக்கூட ஆகலாம். சுவருக்கு அந்தப் பக்கம் காது இருக்கும். தற்கொலைத் திட்டம் கையில் இருப்பவர், அடிக்கடி நினைவு தப்பித் திரும்பி வர நேரமாகிறவர், குடியை நிறுத்த முடியாதவர், இல்லாத குரல் கேட்கிறவர் – இவர்களை நேரில் பார்க்க வேண்டும், சிலரை உள்நோயாளியாகச் சேர்க்க வேண்டும். இணையத்தில் சிகிச்சை தருகிறேன் என்று வருகிற எல்லோரையும் நம்பவும் முடியாது. மருத்துவ உளவியலாளர் என்றால் இந்திய மறுவாழ்வு மன்றத்தில் பதிவு எண் இருக்கும், கேட்டால் கொடுப்பார்கள். கொடுக்கத் தயங்கினால் அழைப்பை வைத்துவிடலாம்.

அம்மணி இன்னமும் இரவுப் பயணம் போவதில்லை. கணவர் இதைச் சரி செய்ய முடியுமா என்று கேட்டார். அம்மணியிடம் கேட்டேன். "எதுக்குங்க? காலையில போயிக்கலாமுங்க" என்றார். விளக்கில்லாமல் லாரி நிற்கிற ரோட்டில் ராத்திரி வண்டி ஓட்ட வேண்டாம் என்று நினைப்பதை நான் நோய்க் கணக்கில் சேர்க்கவில்லை. கேஸ் தாளில் அந்த வரிக்கு நேரே "சிகிச்சை தேவையில்லை" என்று எழுதியிருக்கிறேன்.